திருப்தி எதற்குச் சான்று?

மாணவன் திருப்தியடைந்தால் கல்வி நன்றாயிருக்கிறது என்று பொருள். நோயாளி திருப்தியடைந்தால் சிகிச்சை நன்றாயிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டு வாக்கியங்களும் இன்று நம் நாட்டில் நிரூபணம் வேண்டாத உண்மைகளைப் போல உலவி வருகின்றன. இரண்டும் தவறு என்பதும், தலை, கழுத்து ஆகிய பகுதிகளின் நோய்களைப் படம் பிடித்துப் பொருள் காணும் கதிரியல் துறையில் அவை தவறு என்ற அளவில் நில்லாமல் அபாயமாகவே முடியும் என்பதும் என் கட்சி.

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் சுங்கச்சாவடியை நோக்கிச் செல்பவருக்கு, இந்த அபிப்பிராயம் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாரியம்மன் கோயில் ஒன்றையே அடையாளமாகக் கொண்டிருந்த அந்த வட்டாரத்தில் இன்று பொறியியல், செவிலியம், மருத்துவம், ஸ்கேன் தொழில்நுட்பம் என்று பல படிப்புகளுக்கான வளாகங்கள் எழுந்து நிற்கின்றன. சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், சாலையோரப் பலகைகளில் தரச்சான்றின் எழுத்தும், வேலைவாய்ப்பு வாக்குறுதியும், சிரித்த முகத்து மாணவர்களின் படமும் கண்ணில் படுகின்றனவேயன்றி, அங்கே உடற்கூற்றியலைக் கற்பிப்பவர் யார், ஸ்கேன் அறையில் மாணவன் எத்தனை மணி நேரம் உட்கார அனுமதிக்கப்படுகிறான் என்ற விவரங்கள் ஒருபோதும் படுவதில்லை. மகிழ்ச்சி விளம்பரமாகிறது; பயிற்சி ஆவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் வாதம் புரிந்த ஆசாரியர்கள், எதிர்க்கட்சிக்காரன் தானே ஒப்புக்கொள்ளும்படி அவனுடைய கொள்கையைப் பூர்வபட்சமாக எடுத்துரைத்த பிறகுதான் அதை மறுக்கப் புகுவார்கள். அந்த மரியாதையை நாமும் செய்வோம்.

திருப்திக் கட்சியாரின் வாதம் அற்பமானதன்று. வகுப்பில் நான்கைந்து ஆண்டுகள் உட்காருகிறவன் மாணவன். கட்டணம் கட்டுகிறவர் அவன் தந்தை. ஆசிரியர் வந்தாரா வரவில்லையா, கருவி ஓடியதா பழுதாகிக் கிடந்ததா என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அப்படியிருந்தும் பல தலைமுறைகளாக அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆய்வுக்கு வந்த பெரியவர்கள் முதல்வர் அறையில் காப்பி அருந்தி, மாலை அணிந்து, கோப்புகளைப் புரட்டிவிட்டுத் திரும்பினார்கள். இந்த அநீதிக்குப் பரிகாரமாகவே, 1994-இல் தோன்றிப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவாகிய நாக், 2017-இல் தன் முறையைத் திருத்தியபோது மாணவர் திருப்தி ஆய்வைப் புகுத்தி, இருபத்தொரு வினாக்கள் கொண்ட படிவத்தை நேரே மாணவனுக்கு அனுப்பத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களுக்குரிய ஆயிரம் மதிப்பெண்களில் ஐம்பதை அதற்கென ஒதுக்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் மத்திய சுகாதார அமைச்சகம், ஆஸ்பத்திரிக்கு வந்துபோன நோயாளியின் அபிப்பிராயத்தைக் கேட்கும் ‘மேரா அஸ்பதால்’ திட்டத்தையும் ஆரம்பித்தது. பேசாதிருந்தவன் பேசுகிறான், இதில் குறை காண்பவன் பழைய அதிகாரத்தின் அடியாள். இதுவே அவர்கள் சித்தாந்தம்.

இதில் பாதியை நான் மறுக்கவில்லை. மாணவன் பேசட்டும். ஆனால் அவன் எதைப் பற்றிச் சொன்னால் அது சாட்சியமாகும், எதைப் பற்றிச் சொன்னால் ஆகாது என்ற வேறுபாட்டை இந்தக் கட்சியார் அறவே மறந்துவிட்டார்கள். என் ஆட்சேபங்களை வரிசையாகச் சொல்லுகிறேன்.

1. தனக்குக் கற்பிக்கப்படாததை மாணவன் எப்படி அறிவான்?

ஒரு மத்திய வயதினர் ஒரு காது மட்டும் அடைத்துக்கொண்டதாகச் சொல்லி வருகிறார். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. காதைப் படம் பிடித்து, நீர் இருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டால் நோயாளிக்கும் திருப்தி, எழுதியவனுக்கும் திருப்தி. நல்ல ஆசிரியரிடம் பயின்றவனோ, வயது வந்தவருக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்தால் மூக்கின் பின்புறத்தில் தொண்டை தொடங்குமிடத்துப் பக்கவாட்டுக் குழியை நோக்க வேண்டும், இடதும் வலதும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும், அங்கே ஒளிந்திருக்கும் புற்று காதின் வழியாகவே முதலில் தன்னை அறிவிக்கக்கூடும் என்பதை அறிந்து, காதை விட்டு மூக்குக்குப் போவான். இந்தப் பாடத்தை ஆசிரியர் நடத்தவே இல்லையென்று வைத்துக்கொள்வோம். நடத்தப்படாத அந்தப் பாடம் மாணவன் மனத்தில் ஒரு குறையாகத் தோன்றுமா? தோன்றாது. அவனுக்கு அப்படியொரு குழி இருப்பதே தெரியாது. படிவத்தில் நாலுக்கு நாலு போடுவான். அதையும் முழு நேர்மையோடு போடுவான்.

இது விதிவிலக்கான உதாரணமன்று; தலையும் கழுத்தும் முழுவதுமே இத்தகைய இடங்கள்தாம். புகையிலையும் பாக்கும் நம் மக்களை எப்படி அலைக்கழிக்கின்றன என்பதற்கு, இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுகளில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பதே போதிய சாட்சி. கன்னத்தின் உட்புறத்தில் புற்று கண்டவரை சி.டி. மேசையில் சும்மா படுக்க வைத்துப் படம் பிடித்தால், கன்னமும் ஈறும் ஒட்டிக்கொண்டு, கட்டி எதிலிருந்து புறப்பட்டது என்பதே விளங்காமல் போகும். கன்னத்தை ஊதி உப்பவைத்துக்கொள்ளச் சொல்லி எடுத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். ஒரு பைசா செலவில்லாத இந்த உபாயத்தைச் சொல்லித் தருவதற்கு ஸ்கேன் அறையில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிற ஆசிரியர் வேண்டும். படம் எடுத்த பிறகு, கட்டி மெல்லும் தசைகளுக்குள் ஏறிவிட்டதா, ஏறியிருந்தால் கீழ்த்தாடை எலும்பின் மேல்விளிம்பிலுள்ள பள்ளத்துக்குக் கீழே நின்றதா, அதையும் தாண்டி மேலே போய்விட்டதா என்ற ஒரு வரி, அறுவைக்கு வழி உண்டா என்று யோசிக்கும் மருத்துவருக்கு மற்ற முழுப் பக்கத்தைவிட முக்கியமானதாக இருக்கும். மேல்தாடைக்குப் பின்னால் ஒரு சிறு குழியில் தங்கியிருக்கும் கொழுப்பு தன் இயல்பான நிறத்தில் இருக்கிறதா, மூளையின் அடித்தளத்து எலும்பில் நரம்பு வெளிவரும் துளை அகன்றிருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவன், நரம்பு வழியே ஊர்ந்து மண்டையோட்டுக்குள் புகுந்துவிட்ட நோயை அங்கே இல்லையென்று எழுதிவிடுவான். கன்னம் மரத்துப்போயிருக்கிறது என்று நோயாளி சொன்னதன் பொருளும் அவனுக்கு எட்டாது.

இவற்றைக் கற்பித்தாரா என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அந்த வித்தையை ஏற்கெனவே அறிந்தவர். அறிந்துகொள்ளவே வந்திருக்கிற பையனிடம் அந்தத் தீர்ப்பைக் கேட்பது எந்த நியாய சாஸ்திரத்தைச் சேர்ந்தது?

2. இன்பமாகக் கேட்டதும் கற்றதும் ஒன்றா?

இதற்கு விடை தேட ஊகம் தேவையில்லை, பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1970-இல் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்று பெயர் சூட்டி, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாட்டைப் பிரயோகிப்பது பற்றிப் பேச வைத்தார்கள். அவருக்கு அந்த விஷயத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. முன்னுக்குப்பின் முரணாகவும் பொருளற்றும் பேச வேண்டும், ஆனால் உற்சாகமாகவும் நகைச்சுவையோடும் பேச வேண்டும் என்பதே அவருக்கு இட்ட கட்டளை. கேட்டவர்கள் பாமரர்களல்லர், மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கல்வியாளர்களும். சொற்பொழிவு சிந்தனையைத் தூண்டியது என்று அவர்களில் பெரும்பாலோர் எழுதிக் கொடுத்தார்கள். 1973-இல் இது வெளியாயிற்று. இதைப் படித்த பின்பும் ஒருவர் திருப்திப் படிவத்தை நம்புகிறார் என்றால் அவருடைய நம்பிக்கை சமயத்தைச் சேர்ந்தது, விஞ்ஞானத்தைச் சேர்ந்ததன்று.

ஜெர்மனியில் மூன்றாமாண்டு மருத்துவ மாணவர்களில் சிலருக்குச் சாக்லேட் பிஸ்கட் வைத்தும், சிலருக்கு வைக்காமலும் ஒரே பாடத்தை நடத்திப் பார்த்தார்கள். பிஸ்கட் தின்றவர்கள் ஆசிரியருக்கு மட்டுமன்றிப் பாடக் குறிப்புகளுக்கும் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள் என்று 2018-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நம் ஊர்க் கல்லூரி நிர்வாகிகள் இதைப் படிக்காதிருப்பது நல்லதே.

இவற்றைவிடக் கனமானது, அமெரிக்க விமானப்படைக் கல்லூரியின் மாணவர்களைக் கொண்டு 2010-இல் வெளியான ஆராய்ச்சி. அங்கே மாணவர்களை இஷ்டப்படி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை; ஆதலால் ஒப்பீடு சுத்தமானது. நடப்புப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கவைத்த ஆசிரியர்களை மாணவர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் நன்றாகச் செய்தவர்களோ, அவ்வளவாகப் புகழப்படாத அனுபவமிக்க ஆசிரியர்களிடம் படித்தவர்கள். 2019-இல் ஹார்வர்டில் பௌதிக வகுப்புகளில் நடந்த சோதனையும் இதே திசையில் விரல் நீட்டியது: தாமே முயன்று கணக்குப் போட வைக்கப்பட்ட மாணவர்கள் அதிகம் கற்றார்கள், குறைவாகக் கற்றதாக எண்ணினார்கள், சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்று, அதிகம் கற்றதாக எண்ணினார்கள். கற்றல் என்பது தடுமாற்றமுள்ள காரியம். பொட்டெலும்பின் சி.டி. படத்தில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, முகநரம்பின் பாதையைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிவு வரை விரலால் காட்டு என்று கேட்கிற ஆசிரியர் முன்னால் எவனும் திருப்தியோடு உட்கார்ந்திருக்க மாட்டான்.

3. பலன் தெரிவதற்கு முன்னால் வாங்கும் தீர்ப்பு என்ன தீர்ப்பு?

சமயபுரத்தாள் சந்நிதியில் கண்மலர் சாத்துகிறவர் பெரும்பாலும் கண் நோய் தீர்ந்த பிறகே சாத்துகிறார். வேண்டுதல் முன்னே, பலன் நடுவே, நேர்த்திக்கடன் பின்னே. நம் தர நிர்ணயிகளோ மாணவன் கல்லூரியை விட்டுப் போவதற்கு முன்பே, ஒரு நோயாளியையும் தனியே சந்திக்காதவனிடம், கடனைத் தீர்த்துக்கொள்ளச் சொல்லுகிறார்கள்.

2021-இன் கோடைகாலத்தை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். கொரோனாவின் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோய் வந்தது. மே மாதத்தில் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்த உடம்பில் மூக்கறையில் புகுந்த பூஞ்சை, சில நாட்களிலேயே கண் குழிக்கும் மூளைக்கும் ஏறிவிடக் கூடியது. கன்னத்து எலும்பறையின் பின்சுவருக்கு அப்பால் உள்ள கொழுப்பில் மெல்லிய கலக்கம் தெரிகிறதா, காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ. படத்தில் மூக்கின் உள்மடல் ஒளிராமல் கருத்து நிற்கிறதா என்று பார்ப்பதே அதை முன்கூட்டிப் பிடிக்கும் வழிகளில் சில. அந்த ஆண்டுக்கு முன்பு, அபூர்வமாக வரும் நோய்க்கு ஒரு முழு வகுப்பை ஒதுக்கிய ஆசிரியரைப் பற்றி, தேர்வில் வராததை நடத்திப் பொழுதைக் கழிக்கிறார் என்றுதான் மாணவன் எழுதியிருப்பான். மே மாதத்தில் அவனே அவரைத் தெய்வம் என்றிருப்பான். படிவமோ முந்திய டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னும் ஒரு சான்று இத்துறையின் பிறப்பிலேயே இருக்கிறது. சி.டி. கருவியில் முதன்முதலாக நோயாளி ஒருவரைப் படம் பிடித்தது 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டனின் விம்பிள்டனில், பிடித்ததும் தலையைத்தான். அதே 1971-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல திசைகளில் எடுத்த நிழற்படங்களிலிருந்து உள்வடிவத்தை மீட்டெடுக்கும் கணித முறையொன்றை வெளியிட்டார். பின்னர் வந்த சி.டி. கருவிகளில் பல்லாண்டுகள் நிலைத்து, இருவர் பெயரையும் சேர்த்தே இன்றும் அழைக்கப்படுகிற முறை அது. அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய அன்று வகுப்பு எத்தனை திருப்தியடைந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசிக்கலாம்.

4. திருப்தியே தவறுக்குத் தாயாக இருக்கும் தொழிலில் திருப்தியைத் தேடலாமா?

கதிரியல் அறிஞர்கள் 1960-களின் தொடக்கத்திலிருந்தே தங்களுக்குள் எச்சரித்துக்கொள்ளும் ஒரு பிழை உண்டு. படத்தில் ஒரு கோளாற்றைக் கண்டுபிடித்தவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. நிறைந்த மனம் தேடுவதை நிறுத்துகிறது. இரண்டாவது கோளாறு கண்முன் இருந்தும் தப்பிவிடுகிறது. தலைவலிக்காரரின் படத்தில் மூக்கறைச் சவ்வு சற்றுத் தடித்திருக்கிறது. நோயில்லாத பலரிடத்தும் காணப்படுவது அது. இதோ காரணம் என்று அங்கேயே நின்றுவிட்டவன், மூளையின் நடுக்கோட்டுச் சிரையில் உறைந்த இரத்தத்தைக் காணமாட்டான். தைராய்டுக் கட்டிக்காக எடுத்த கழுத்துப் படத்தின் கடைசித் துண்டுகளில் நுரையீரலின் நுனி வந்திருக்கும். கட்டியைக் கண்டு களித்தவன் அந்த நுனியிலிருக்கும் முடிச்சைப் பார்க்க மாட்டான். ஆகையால் நல்ல ஆசிரியர் செய்கிற முதற்காரியம், மாணவனுக்கு எளிதில் திருப்தி வராதபடி பழக்குவது: ஒன்றைக் கண்டாயா, சரி, இன்னொன்று எங்கே என்று கேட்டு, இல்லாத இன்னொன்றையும் தேடவைத்து, சில நாட்களில் முற்றிலும் இயல்பான படத்தையே கொடுத்து அலையவிடுவது. இப்படிப் பழக்கப்பட்டவர்களிடமிருந்து, பழக்கியவருக்கு எதிராகவே வாங்கப்படும் சான்றைத் தரச்சான்று என்கிறோம்.

5. விளைவு யார் தலையில் விடிகிறது?

மதிப்பெண்ணை எதிர்பார்க்கும் ஆசிரியர் மதிப்பெண் வருகிற வழியில் போவார். மனித சுபாவம் அது. அச்சடித்த குறிப்பு, ‘முக்கிய வினாக்கள்’, தாராளமான அகமதிப்பீடு, கடினமான மண்டையோட்டு அடித்தளத்தை இரண்டு ஸ்லைடுகளில் தாண்டிவிடுவது. மாணவன் மருத்துவனாகி வெளியே வந்தபின் அதே பாடம் நோயாளியிடம் தொடர்கிறது. நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தால் திருப்தி; வேண்டாம் என்று கால் மணி நேரம் உட்கார்ந்து விளக்கினால் அதிருப்தி. சாதாரணத் தலைவலிக்கும் படம் எடுக்கப்படுகிறது, தலையின் சி.டி. ஒன்று தரும் கதிர்வீச்சு, நாம் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏறக்குறைய ஓராண்டில் பெறுகிற அளவை நெருங்குவது என்பதை யாரும் சொல்லுவதில்லை.

தென்கொரியாவில் 1999-இல் அரசு புற்றுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, சிறிது பணம் சேர்த்துக் கட்டினால் கழுத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துத் தருகிறோம் என்று ஆஸ்பத்திரிகள் அழைத்தன. மக்கள் மகிழ்ச்சியோடு போனார்கள். 2011-இல் தைராய்டுப் புற்று கண்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறந்தவர்களின் விகிதமோ அசையவில்லை. ஒரு தீங்கும் செய்யாமல் கழுத்திலேயே கிடந்திருக்கக்கூடிய சின்னஞ்சிறு கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, வாழ்நாள் முழுவதும் மாத்திரை விழுங்குகிறவர்கள் ஆனார்கள். ‘உயிர் பிழைத்தோம்’ என்று அவர்கள் நன்றியோடு சொல்லியிருப்பார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவில் 50,000-க்கு மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த கட்டுரை, மருத்துவரிடம் மிகவும் திருப்தியடைந்தவர்களிடையே செலவும் அதிகம், மரணமும் அதிகம் என்று கண்டது. திருப்திதான் கொன்றது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது; அதை ஒப்புக்கொள்கிறேன். திருப்தி காப்பாற்றியது என்றும் முடிவு கட்ட முடியாதே.

‘அப்படியானால் மாணவன் வாயை மீண்டும் அடைக்கச் சொல்லுகிறீரா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. நாக் குழுவின் படிவத்தையே எடுத்துப் பார்ப்போம். பாடத்திட்டத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு நடத்தப்பட்டது என்கிறது முதல் வினா. அது நல்ல வினா, மாணவன் கண்ணால் கண்ட விஷயம், பிரத்தியட்சப் பிரமாணம். இருபதாவதாக வருவதோ, உங்கள் நிறுவனத்தில் கற்றல் கற்பித்தலின் ஒட்டுமொத்தத் தரம் மிக நன்றாயிருக்கிறது என்ற வாக்கியத்தை எழுதிவைத்துவிட்டு, இதை எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர் என்று கேட்பது. கோர்ட்டில் ஒரு வக்கீல் தன் சாட்சியிடம் இப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கும். முதல் வினாவைப் போன்றவற்றைப் பெருக்குங்கள்: ஆசிரியர் எத்தனை நாள் வந்தார், கருவி எத்தனை நாள் ஓடவில்லை, நீ உன் கையால் எத்தனை படங்களுக்கு அறிக்கை எழுதினாய், அவற்றில் எத்தனையை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். இருபதாவதைப் போன்றவற்றை அடித்துவிடுங்கள். 2005 முதல் தேசிய மாணவர் ஆய்வை நடத்திவரும் பிரிட்டனே, 2023-இல் இங்கிலாந்து மாணவர்களுக்கான படிவத்திலிருந்து ஒட்டுமொத்தத் திருப்தி வினாவை நீக்கிவிட்டது. பிறர் கழற்றியெறிந்த சட்டையை நாம் பண்டிகைக்கு உடுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

கற்பித்தலின் தரத்தை அறிய வேறு வழி உண்டா என்றால், தலை, கழுத்துக் கதிரியலில் மிக எளிதான வழி உண்டு. மற்ற எத்தனையோ துறைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஸ்கேனைப் பார்த்து, நோய் எலும்பை அரித்திருக்கிறது, இன்ன அடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருக்கிறது என்று மாணவன் எழுதுகிறான். சில நாட்களில் அறுவை நடக்கிறது. வெட்டியெடுத்த திசு நோயியல் கூடத்துக்குப் போகிறது. எலும்பு அரிக்கப்பட்டதா, கணுவில் புற்று இருந்ததா என்பதை அங்கே கண்ணாடிக்கு அடியில் பார்த்து எழுதிவிடுகிறார்கள். இரண்டு காகிதங்களும் பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரிக்குள், ஒரே பதிவு எண்ணில் கிடக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்குப் பெங்களூரிலிருந்து படிவம் வரவேண்டியதில்லை. மாதம் ஒரு பிற்பகலும், தன் மாணவன் தவறியது எங்கே என்று பார்க்கக் கூசாத ஓர் ஆசிரியரும் போதும்.